கைவேலை தெரியும், ஆள் நடத்தத் தெரியுமா? டெல்டாவில் கலைத்தொழில் தொடங்குகிறவர்களுக்குத் தலைமைப் பயிற்சி வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் கும்பகோணத்தில் எங்கள் ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவோம். முகூர்த்தம் கிடையாது. லென்ஸைத் துடைத்து வைப்பது, பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் காலி செய்வது, வராத பாக்கிக்குப் போன் போடுவது, இதுதான் வேலை. அந்த ஓய்வில்தான் புதிதாகத் தொழில் தொடங்கிய பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். போன ஆடியில் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, லீடர்ஷிப் ட்ரெயினிங்னு ஊரெல்லாம் பேனர் வெச்சிருக்காங்களே, அது நமக்கெல்லாம் எதுக்கு? கம்பெனிக்காரங்களுக்குத்தானே?”

எட்டு வருடம் முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் எடுக்கிறவன், சிலை வார்க்கிறவன், ஓவியம் போடுகிறவன் எல்லோருக்கும் கையில் வேலை இருந்தால் போதும், மேடையேறிப் பேசுவதெல்லாம் அரசியல்வாதிகளுக்கு என்று. அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கல்யாணப் புகைப்படக்காரர், ஆல்பம் டிசைனர், தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர், கொலு பொம்மை செய்கிறவர், நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவர் என்று டெல்டாவில் கலையை வைத்துப் பிழைக்கிற யாருக்கும் இது பொருந்தும்.

உங்களுக்கு இப்போது தேவையா?

தனி ஆளாக வேலை செய்கிறீர்கள், மாதம் நாலு ஆர்டர், நீங்களே முடித்து நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால் அவசரமே இல்லை. பயிற்சிக் காசில் ஒரு நல்ல லைட் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்குள் இரண்டாவது ஆளின் கை நுழைகிற நாள்தான் கணக்கு. அன்றிலிருந்து உங்கள் பெயரில் வெளியே போகிற பொருளில் பாதி இன்னொருவர் செய்தது. அதன் தரத்துக்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்லப்போவது நீங்கள். இதற்கு ஒளியும் நிறமும் தெரிந்தால் போதாது.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சுவாமிமலையில் ஒரு பட்டறைக்கு வார்ப்பு நாளன்று, உத்தரவு கேட்டுக்கொண்டு, போய் ஓரமாக நில்லுங்கள். தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துச் செய்த மெழுகுச் சிலை, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, அதற்கும் மேல் வயல் மண் பூசிக் கட்டிய கரு, மெழுகை உருக்கி வெளியே எடுத்தபின் குழியில் புதைந்திருக்கும். உருகிய உலோகம் மூசையில், அதாவது உருக்குகிற மண்பாத்திரத்தில், வரும். குறடு பிடிக்க இருவர், ஊற்றும் வாயைப் பார்க்க ஒருவர், கசடை ஒதுக்க ஒருவர். அந்தச் சில நிமிடம் ஒரே ஒருவர் குரல்தான் கேட்கும், அதுவும் சத்தமாக இல்லை. “நிதானம்… விடு… போதும்.” நடுவில் ஊற்று நின்றால் மாதக்கணக்கான வேலை போச்சு. யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அங்கே யாரும் கேட்கிற கேள்வியே இல்லை.

அந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடாது. புதிதாக வருகிற பையன் முதலில் அரம் போடுவான், பிறகு மண் பிசைவான், பிறகு பீடம், அதன்பின் கை கால். தென்னங்கீற்றை மடித்துச் செய்கிற ஒடியோலையில் தாள அளவு பிடிக்கக் கற்கவே பல வருடம் போய்விடும். முகமும் கண்ணும் பெரியவர் கைக்குத்தான். எந்த வேலையை யாரிடம் எப்போது விடலாம் என்று பட்டறையில் ஏணி மாதிரி வைத்திருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவில் ஹெர்சி, பிளான்சார்ட் என்று இரண்டு பேர் ஏறக்குறைய இதையே பாடமாக எழுதினார்கள்: ஆள் எவ்வளவு பழகியிருக்கிறான் என்பதைப் பார்த்து, முதலில் சொல்லிச் செய்யவை, பிறகு விளக்கிச் செய்யவை, பிறகு சேர்ந்து முடிவெடு, கடைசியில் அவனிடமே விட்டுவிடு. இன்றும் எந்தத் தலைமைப் பயிற்சிக்குப் போனாலும் இந்த நாலு கட்டம் போட்ட படத்தைப் போர்டில் வரைவார்கள். வரையும்போது ஸ்தபதி பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரியும்.

மேளசெட்டும் அப்படித்தான். நாயனக்காரர் அச்சாரம் வாங்குகிறார், எந்த ஊருக்கு எந்தத் தவில் என்று முடிவு செய்கிறார், வேன் பிடிக்கிறார், பங்கு பிரிக்கிறார், மாப்பிள்ளை வீட்டாரின் கோபத்தையும் அவரே வாங்கிக்கொள்கிறார். மேனேஜர் என்ற பெயர்தான் இல்லை.

ஆனால் பட்டறைப் பிள்ளைக்கு அப்பாவைப் பார்த்தே இது வந்துவிடுகிறது. யூடியூப் பார்த்து கேமரா கற்றுக்கொண்ட எனக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. என் மாதிரி ஆட்களுக்குத்தான் பயிற்சி.

முதல் படி: பதினைந்து நாள் ஒரு நோட்டு

பயிற்சியில் சேருவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பதினைந்து நாளைக்கு, ராத்திரி கடை சாத்தும்போது, இரண்டே வரி எழுதுங்கள். இன்று நான் செய்த வேலைகளில் வேறொருவர் செய்திருக்கக்கூடியது எது? இன்று எந்தப் பேச்சைப் பேசாமல் தள்ளிப்போட்டேன்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். என் நோட்டில் பதினைந்து நாளில் ஒன்பது நாள் ஒரே வரி இருந்தது: “எடிட்டரிடம் லேட்டைப் பற்றிப் பேசவில்லை.” மீதியில் நாலு நாள், “பாக்கி கேட்கவில்லை.” எனக்கு வேண்டியது மேடைப் பேச்சு இல்லை, முகத்துக்கு நேரே பேசுகிற பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் நோட்டில் வேறு வரும். சிலருக்கு “நாளைக்கு யார் எங்கே போவது என்று காலையில்தான் முடிவு செய்தேன்” என்று வரும். சிலருக்கு விலை சொல்லத் தொண்டை அடைக்கும். எது அதிகம் வருகிறதோ அதற்குப் பயிற்சி தேடுங்கள். ‘தலைமைப் பண்பு வளர’ என்று பொதுவாகப் போனால் கைதட்டிவிட்டு, டைரி ஒன்று இலவசமாக வாங்கிக்கொண்டு, திரும்பி வருவீர்கள்.

இரண்டாவது படி: எங்கே கற்பது

செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

ஜேசிஐ. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூட கிளை இருக்கும், ‘ஜேசீஸ்’ என்று கேளுங்கள். 1915-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய இளைஞர் இயக்கம், 18 வயதிலிருந்து 40 வரை சேரலாம். பேச்சு, குழு நடத்துதல் என்று உள்ளூரிலேயே பயிற்சி வைப்பார்கள், தமிழிலேயே நடக்கும். பயிற்சியைவிட எனக்குப் பயன்பட்டது வேறு. ஒரு ரத்ததான முகாம் நடத்தும் பொறுப்பைத் தலையில் கட்டினார்கள். சம்பளம் கொடுக்காத பத்துப் பேரை வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் பார்த்தேன். அதில் தேறினால் சம்பளம் கொடுக்கிற இரண்டு பேரை நடத்துவது பெரிய காரியமே இல்லை. ஒரு எச்சரிக்கை: பதவி, சால்வை, போட்டோ என்று அதிலேயே மூழ்கிக் கடையை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ். மேடைப் பேச்சு பழகுகிற கிளப்கள். 1924-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. திருச்சியில் கிளப்கள் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலம். நேரம் பார்க்க ஒருவர், பச்சை மஞ்சள் சிவப்பு என்று விளக்குக் காட்டுவார். நாம் எத்தனை முறை ‘ஆ… ம்…’ என்றோம் என்று எண்ணவே ஒருவர் இருப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ சென்னைக் கம்பெனிகளிடமோ பேச வேண்டிய சிலை, ஓவிய வியாபாரிகளுக்கு நல்லது. முதல் கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அரசுப் பக்கம். மாவட்டத் தொழில் மையத்தில் போய் நேரில் கேளுங்கள், போனில் பாதிதான் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சில நாள் பயிற்சிகளைக் குறைந்த கட்டணத்தில் வைக்கிறார்கள். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துகிற ஊரகச் சுயதொழில் பயிற்சி மையம், ‘ஆர்செட்டி’ என்பார்கள், இலவசம், சாப்பாடும் உண்டு. அங்கே தொழிலோடு சேர்த்துக் கணக்கு எழுதுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுதுவது எல்லாம் சொல்லித்தருவார்கள். கிராமத்திலிருந்து வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இணையத்தில் மத்திய அரசின் ஸ்வயம் பாடத் தளம் இருக்கிறது. ஐஐடி ரூர்க்கியின் ‘லீடர்ஷிப் அண்ட் டீம் எஃபெக்டிவ்னஸ்’ மாதிரிப் பாடங்கள் அதில் வந்திருக்கின்றன. படிப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். ஆங்கிலத்தில் வேகமாகப் போகும், உதாரணமெல்லாம் பெரிய கம்பெனிகளுடையது. பொறுமை இருந்தால் மட்டும்.

கடைசியாகத் தனியார் பயிற்சிகள். இதில் எனக்கு ஒரு சூடு இருக்கிறது. ஒரு ஹோட்டலில் மூன்று நாள், பணம் கட்டிப் போனேன். முதல் நாள் பாட்டுப் போட்டு ஆடச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைக்கச் சொல்லி அழவைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், இதைவிடப் பத்து மடங்கு விலையில் ‘அட்வான்ஸ்’ வகுப்பு, இன்றே கட்டினால் தள்ளுபடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நகைப்பட்டறைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, ஆள் எப்படி விக்கிறான் பாருங்க, அதைக் கத்துக்கிட்டுக் கெளம்புவோம்.” நான் அந்த மூன்று நாளில் கற்றதில் அதுதான் உருப்படியானது.

அதனால் பணம் கட்டுமுன் கேளுங்கள். எத்தனை பேர் வகுப்பில் இருப்பார்கள்? முப்பதுக்கு மேல் என்றால் அது கூட்டம், வகுப்பு இல்லை. நாமே செய்து பழக நேரம் உண்டா, கேட்பது மட்டும்தானா? சொல்லித்தருகிறவர் என்றாவது ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தவரா? முடிந்தபின் ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார்களா? ஏற்கெனவே போய்வந்த, நம் மாதிரித் தொழில் செய்கிற இருவரிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எப்போது போவது?

கல்யாண வேலை செய்கிறவர்களுக்கு ஆடி, மார்கழி. புரட்டாசியும் பெரும்பாலும் சும்மாதான். பொம்மைக்காரர்களுக்கு நவராத்திரி முடிந்தபின். மேளக்காரர்களும் நாட்டியக்காரர்களும் கோயில் திருவிழாக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை முகூர்த்தத்தில் சேர்ந்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்து எடிட்டிங் செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆடியில் கற்றால் இன்னொரு லாபம், ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நாற்றங்காலுக்கு எப்போது விதை விடுவது என்று கணக்குப் போடுகிற ஊர்தானே இது, பயிற்சிக்கும் ஒரு பருவம் பாருங்கள்.

மூன்றாவது படி: வேலையைப் பிரித்துக் கொடுப்பது

பயிற்சியில் பத்துத் தலைப்பு சொல்வார்கள். கலைத்தொழிலுக்கு உயிர் மூன்று: பிரித்துக் கொடுப்பது, தப்பைச் சொல்வது, விலை பேசுவது.

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டிலேயே ஓவியம் போடுகிறார். ஐந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அவர்களையே வேலைக்கும் வைத்துக்கொண்டார். ஒரு சென்னைக் கம்பெனி தீபாவளிக்குப் பரிசு கொடுக்க அறுபது சின்னப் படம் கேட்டது, எல்லாம் ஒரே மாதிரி வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன். அக்கா ஆளுக்குப் பன்னிரண்டு படம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். பலகையில் துணி ஒட்டுவது, மக்கு வேலை (பசை வைத்துப் புடைப்பாக எழுப்புவது), கல் பதிப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது, வண்ணம், முகம் என்று ஆளாளுக்கு முழுப் படமும் அவரவர் செய்ய வேண்டும். வந்தது ஐந்து விதமான கிருஷ்ணன். ஒருவர் போட்டதில் குழந்தை சிரிக்கிறது, இன்னொருவர் போட்டதில் முறைக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா முப்பத்தாறு முகத்தைத் தானே திருத்தினார். கண் வீங்கிப்போய்விட்டது.

அடுத்த வருடம் ஒரு தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போனார். அங்கே அவரைத் தன் வேலையைக் கட்டம் கட்டமாக எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் போடச் சொன்னார்களாம்: இது கெட்டால் திருத்த முடியுமா? இதைக் கற்க எத்தனை நாள்? மக்கு கெட்டால் சுரண்டிவிட்டு மறுபடி வைக்கலாம், கற்க மாதக் கணக்குதான். முகம் கெட்டால் படமே கெட்டது, கற்க வருடக் கணக்கு. அந்தத் தாளை வைத்துத்தான் இப்போது வேலை நடக்கிறது. மக்குக்கு இருவர், கல்லுக்கும் ரேக்குக்கும் இருவர், வண்ணத்துக்கு ஒருவர், முகம் மட்டும் அக்கா. வண்ணம் போடுகிற பெண்ணை மதியத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒதுக்கின பலகையில் முகம் பழக்குகிறார். எட்டு வயதுப் பையனுக்குச் சொல்லித்தருகிற மாதிரிப் பொறுமையாக, ஆனால் ஆர்டர் படத்தில் கை வைக்க விடாமல்.

உங்கள் வேலைக்கும் அந்தத் தாளைப் போடுங்கள். கல்யாண ஆல்பத்தில் படம் பொறுக்குவது, வண்ணம் சரிசெய்வது, ஷீட் வடிவமைப்பு, பிழை பார்ப்பது, அச்சுக்கு அனுப்புவது என்று வரும். எழுதினால் ஒரு விஷயம் கண்ணில் படும். நீங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பாதி, உங்களுக்குப் பிடித்த வேலை. உங்களால் மட்டுமே முடிகிற வேலை அதில் கொஞ்சம்தான். எனக்கு வண்ணம் சரிசெய்வது அப்படி. ராத்திரி பதினொரு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு அதைச் செய்ய அவ்வளவு பிடிக்கும். அதை விட்டுக்கொடுக்க ஒரு வருடம் ஆனது.

நான்காவது படி: தப்பைச் சொல்வது

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

மன்னார்குடிக் கல்யாணம் ஒன்று. ஆல்பம் செய்த பையன் வேலைக்கு வந்து ஐந்து மாதம். ஆல்பம் அழகாக வந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டினார். கடைசிவரை புரட்டிவிட்டு, மூடி, என் பக்கம் தள்ளினார். “எம் மவன் மாலை எடுத்துக்குடுத்தது எங்க?” என்று மட்டும் கேட்டார். தாய்மாமன் மாலை எடுத்துக்கொடுக்கிற படம் ஒன்றுகூட இல்லை. நாற்பது ஷீட்டும் மறுபடி என் காசில்.

திரும்பி வந்து பையனைக் கத்தினேன். “உனக்கு அறிவு இருக்கா? கல்யாணமே பாத்ததில்லையா நீ?” என்று இரண்டு பேர் முன்னால். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு ஷீட்டுக்கும் என்னை வந்து கேட்டான். “அண்ணே இது சரியா? இதை வைக்கட்டா?” கத்தியதில் எனக்கு வந்த லாபம், என் வேலை இரண்டு மடங்கானதுதான்.

அதற்குப் பிறகு போன ஒரு பயிற்சியில் ஒரு முறை சொல்லித்தந்தார்கள். அமெரிக்காவில் 1970-இல் தொடங்கிய ‘சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்’ என்ற நிறுவனம் பரப்பியது. எந்த இடத்தில், என்ன நடந்தது, அதனால் என்ன ஆயிற்று, இந்த மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றி ஒரு அடைமொழியும் கூடாது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அவன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. வகுப்பில் ஜோடி போட்டுப் பழகும்போது என்னால் அந்த ‘வாயை மூடிக்கொண்டு’ என்பதைத்தான் செய்ய முடியவில்லை, மூன்று முறை தோற்றேன்.

ஊருக்கு வந்து, டீக்கடைக்கு அந்தப் பையனை அழைத்துக்கொண்டு போய், பழைய கதையையே மறுபடி எடுத்தேன். “அந்த மன்னார்குடி ஆல்பத்துல தாய்மாமன் மாலை எடுத்துக்குடுக்கற படம் வரல தம்பி. பெரியவர் பாத்துட்டு மூடி வெச்சுட்டார். நாப்பது ஷீட்டும் திரும்ப அடிச்சோம்.” நிறுத்திவிட்டேன். டீ ஆறுகிற வரை அமைதி. அப்புறம் சொன்னான்: “அண்ணே, யார் தாய்மாமன்னு எனக்கு எப்படித் தெரியும்? படத்துல எல்லாருமே பட்டு வேட்டிதான்.”

தப்பு என்னுடையது. மண்டபத்தில் இருந்தவன் நான், அவன் இல்லை. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கும்போதே வீட்டாரிடம் உட்கார்ந்து, தாய்மாமன், அத்தை, பெரியப்பா, நாத்தனார், வர முடியாமல் வீடியோ காலில் பார்க்கப்போகிற பாட்டி என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு படமும் வாங்கிவிடுவோம். எடிட்டர் மேசையில் அந்தத் தாள் ஒட்டியிருக்கும். அதன்பின் உறவு விட்டுப்போனதாக எந்த ஆல்பமும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பையன்தான் இன்று எனக்கு அடுத்த ஆள்.

குடும்பப் பட்டறைகளில் இது இன்னும் சிக்கல். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் மகன் அப்பாவிடம் ‘ஆர்டர் லேட்டாகுது’ என்று சொல்வதே பெரிய பாடு. என் யோசனை, அதை நீங்களே நேராகச் சொல்லாதீர்கள். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஆர்டரும் தேதியும் எழுதிவையுங்கள். பலகை சொல்லட்டும். பெரியவர்கள் பலகையைத் திட்டுவார்கள், பிறகு பார்க்க ஆரம்பிப்பார்கள்.

ஐந்தாவது படி: விலை பேசுவது

“நம்ம வீட்டுக் கல்யாணம், பாத்துப் போட்டுக் குடுங்க தம்பி.” இந்த ஒரு வரிக்குப் பதில் தெரியாமல் டெல்டாவில் எத்தனை ஸ்டூடியோ மூடியது என்று நான் எண்ண ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

பயிற்சியில் கற்றதை நம் பேச்சில் சொன்னால் இப்படி. விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். “குறைச்சுக்கலாம் மாமா, தாராளமா. ட்ரோனை எடுத்துருவோமா, இல்ல ரெண்டாவது ஆல்பத்தையா?” என்று கேளுங்கள். உடனே அவர்களுக்கே ட்ரோன் வேண்டுமென்று தோன்றிவிடும். இரண்டாவது, விலையைச் சொன்னபின் பேசாமல் இருங்கள். நாம்தான் பயத்தில் “ஆனா கொஞ்சம் கொறச்சுக்கலாம்” என்று நாமே இறங்குகிறோம். மூன்றாவது, பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: புக்கிங்கில் ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெரும்பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மிச்சம். கல்யாணம் முடிந்தபின் பெரும்பாக்கி வைத்தவர்கள் அதைத் தேன்நிலவு, வளைகாப்பு, பேர் வைப்பு வரை இழுப்பார்கள்.

சிலை, விளக்கு, ஓவியக்காரர்களுக்கு ஒன்று. சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் வீணை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், நெட்டி வேலை என்று நம் பக்கத்துப் பொருள்கள் பலவற்றுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு போனை எடுத்துப் பேசாது. வெளியூர் வியாபாரி ‘தீபாவளிக்குள் நூறு’ என்று கேட்கும்போது, “நூறு முடியாது, அறுபது இந்தத் தேதிக்கு, மிச்சம் கார்த்திகைக்கு” என்று தயங்காமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும்’ சொல்லிக் கெட்ட பட்டறைகளை எனக்குத் தெரியும். ‘முடியாது’ சொல்லிக் கெட்டது ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

காகித வேலைகள்

சுருக்கமாக. உத்யம் பதிவு, சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தருகிற பதிவு, இணையத்தில் இலவசம்; அதற்குப் பணம் கேட்கிற ஏஜென்ட் வேண்டாம். ஜிஎஸ்டி, நம் மாநிலத்தில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால், பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்பவர்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கைவினைக்காரர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் தொடங்கியது. 25 வகைத் தொழில்கள், 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், 5 சதவீதம் வட்டிச் சலுகை என்று அறிவித்தார்கள். இன்றைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். பயிற்சிச் சான்றிதழ், திட்ட அறிக்கை, வருடக் கணக்கு மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு போனால் வங்கியில் அலைச்சல் குறையும்.

ஆறாவது படி: வந்தபின் மூன்று மாதம்

பயிற்சி முடிந்த மறுநாள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். நான் செய்தேன். காலையில் கூட்டம், சாயங்காலம் கூட்டம், சுவரெல்லாம் சார்ட். பையன்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கம். முதல் மாதம், காலையில் நின்றுகொண்டே பத்து நிமிடம்: இன்று யார், எங்கே, எந்த கேமரா, எந்த கார்டு. உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும். இரண்டாம் மாதம், நோட்டில் எழுதிய வேலைகளில் ஒன்றை முழுதாக ஒருவரிடம் விடுவது. விட்டபின் நடுவில் எட்டிப்பார்க்கக் கூடாது. எந்தெந்த நாள் காட்ட வேண்டும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம், தள்ளிப்போட்ட பேச்சுகளில் வாரம் ஒன்று பேசிமுடிப்பது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு அளவுகோல். மாதத்தில் ஒரு வேலை நாளில் கடைக்குப் போகாமல் இருங்கள், அன்று எத்தனை போன் வருகிறது என்று எண்ணுங்கள். என் முதல் கணக்கு இருபத்து மூன்று. ‘ஸ்டேப்ளர் எங்கண்ணே?’ என்றுகூட ஒன்று. ஒரு வருடத்தில் ஏழானது.

ஒரு தை மாதம், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. முகூர்த்த நாள், பையன்கள் இரண்டு மண்டபத்தில் வேலை. நான் துணிந்து கிளம்பிப்போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன். பஞ்சரத்னம் முடிந்து, ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்து, சாப்பிட்டும் முடித்துவிட்டேன். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கூட்டத்தில் டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானே போட்டேன். “சொல்லுங்கண்ணே, தாலி கட்டப்போறாங்க, அப்பறம் பேசறேன்” என்று கட் செய்துவிட்டான்.